தலை போன போல்ட்

கனடாவின் ஒன்டாரியோவில் பத்துப் பனிக்காலம் பார்த்த ஒரு கார். வீட்டு வாசலில் அதை ஜாக்கி ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்தி, பின்சக்கரத்தைக் கழற்றி, சஸ்பென்ஷனின் லோயர் ஆர்மை மாற்ற உட்காருகிறார் ஒருவர். ஆர்மின் உள்முனையை அடிச்சட்டத்தோடு பிணைப்பது நீளமான ஒரு 12 மி.மீ. போல்ட். அது அசைய மறுக்கிறது. ஸ்பானருக்கு அசையாதது ராடுக்கு அசையும் என்று நீளமான ராடு வருகிறது. ராடின் மேல் இரும்புக் குழாய் ஏறுகிறது. உடம்பு எடை முழுவதும் சாய்ந்ததும் போல்ட் தலை மெல்லச் சுற்றத் தொடங்குகிறது. பிடி விட்டுவிட்டது என்று மனம் துள்ளும்போதே ‘டக்’கென்று ஒரு சத்தம். தலை தனியாகக் கையோடு வந்துவிடுகிறது.

உலகில் பனிக்காலச் சாலையில் உப்புத் தூவும் ஊர்களிலெல்லாம் நாள்தோறும் நடக்கிற காரியம் இது. பலம் போதாததால் இப்படி ஆகிவிட்டது என்றோ, போல்ட் மட்டமான சரக்கு என்றோ முடிவு கட்டிவிடுகிறோம். இரண்டும் பெரும்பாலும் தவறு. போல்ட் தன் வேலையைச் சரியாகச் செய்தது. பலமும் தேவைக்கு மேலேயே இருந்தது. அந்தப் பலம் போய்ச் சேர்ந்த இடம்தான் கோளாறு. இறுகிய போல்ட்டைக் கழற்றுவதில் முறுக்குவது கடைசி வேலை. அதற்கு முன் செய்ய வேண்டியதெல்லாம், அதைப் பிடித்து வைத்திருப்பது எது, எங்கே பிடித்திருக்கிறது என்று கண்டு அந்தப் பிடியை உடைப்பது.

உடைந்த தலையைத் தூக்கி எறிந்துவிடாமல் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். முறுக்கினால் மட்டும் அறுந்த முகம் தட்டையாக, பளிச்சென்ற சாம்பல் நிறத்தில், நடுவைச் சுற்றிச் சுழித்த வரிகளோடு இருக்கும். நடுவில் ஊசிமுனை அளவுக்குக் கரடுமுரடான ஒரு புள்ளி, கடைசியாக விட்டுக்கொடுத்த இடம். முகத்தின் ஓரத்தில் பிறை வடிவில் பழுப்போ கறுப்போ தெரிந்தால், அங்கே ஏற்கெனவே விரிசல் விட்டு, உப்புத் தண்ணீர் உள்ளே போய், அந்தப் பகுதி எப்போதோ செத்துவிட்டது என்று பொருள். ஒன்றுக்குள் ஒன்றாக வளைந்த மெல்லிய கோடுகள் இருந்தால், அது ஆயிரக்கணக்கான குலுங்கல்களில் மெல்ல மெல்ல வளர்ந்த களைப்பு விரிசல். மறுபக்கத்து போல்ட்டும் பெரும்பாலும் அதே நிலையில்தான் இருக்கும், அதையும் மாற்றிவிடுவது நல்லது.

எங்கே உடைந்தது என்பது இன்னும் முக்கியமான தடயம். தலைக்குக் கீழே, மரை இல்லாத வழவழப்பான தண்டில் உடைந்திருந்தால், பிடித்திருப்பது தண்டைச் சுற்றியுள்ள பாகம். மரையில் உடைந்திருந்தால், பிடித்திருப்பது மரை. இதைச் சொல்ல ஒரு சின்னக் கணக்குப் போதும். ஆனால் அதற்கு முன் போல்ட் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

போல்ட் அடிப்படையில் ஒரு ஸ்பிரிங். முடுக்கும்போது அது நீள்கிறது; பழைய நீளத்துக்குத் திரும்ப முயலும் இழுவிசைதான் இரண்டு பாகங்களையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கிறது. தலையில் 10.9 என்று பொறித்திருந்தால், ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 1000 நியூட்டன் வரை இழுத்தால்தான் அறும், அதில் 90 சதவீதத்தில் நிரந்தரமாக நீளத் தொடங்கும் என்று அர்த்தம். 8.8 என்றால் 800 நியூட்டன், 80 சதவீதம். 10.9 தரத்து 12 மி.மீ. போல்ட்டைச் சுமார் 120 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையில் முடுக்கினால், அதற்குள் ஏறத்தாழ 5 டன் இழுவிசை குடியேறும். 8 செ.மீ. நீளப் போல்ட் அப்போது நீண்டிருப்பது 0.2 மி.மீ. அளவுக்குத்தான். கண்ணுக்குத் தெரியாத அந்த நீட்சிதான் சக்கரத்தை அதன் இடத்தில் வைத்திருக்கிறது.

ஸ்பானரில் நாம் கொடுக்கும் முறுக்கில் இந்த நீட்சிக்குப் போவது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். பாதி, தலையின் அடிப்பக்கம் உரசுவதிலும் மீதி மரைகள் உரசுவதிலும் கரைந்துவிடுகிறது. வீண் செலவு போலத் தெரியும் இந்த உராய்வு இல்லையென்றால் போல்ட் ஒரு நிமிடம்கூட நிற்காது. 12 மி.மீ. போல்ட்டின் சாதாரண மரை ஏறும் சரிவு 3 பாகைக்கும் குறைவு. இரும்பின் மேல் இரும்பு வழுக்க 8 பாகைக்கு மேல் சரிவு வேண்டும். அதனால் 5 டன் இழுத்தாலும் மரை தானாகப் பின்னோக்கி இறங்குவதில்லை. துரு இல்லாத போல்ட்டைக் கழற்ற, முடுக்கியதைவிடக் குறைந்த முறுக்கு போதும். சரிவு இறங்குமுகமாக நமக்குத் துணை செய்கிறது. கழற்றுவதற்கு அதிகம் தேவைப்படுகிறது என்றால், அந்த அதிகம் முழுவதும் துருவின் கணக்கு.

துருவுக்கு வருவோம். பனியை உருக்கச் சாலையில் உப்புத் தூவும் வழக்கத்தை அமெரிக்காவில் முதலில் சோதித்துப் பார்த்தது நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம், 1938-ல். 23 சதவீத உப்பு கலந்த தண்ணீர் −21 டிகிரி செல்சியஸ் வரை உறையாது என்பது இதன் அடிப்படை. அதைவிடக் கடுமையான குளிருக்கும் வேகமாக உருகவும் கால்சியம் குளோரைடும் மக்னீசியம் குளோரைடும் சேர்க்கிறார்கள். காருக்கு உண்மையான கேடு இவற்றால்தான். சாப்பாட்டு உப்பு காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் கசியும்; மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். பனிக்காலம் போய், சாலை காய்ந்து, வெயில் அடிக்கும் நாளிலும் காரின் அடியில் ஒட்டிய உப்பு ஈரமாகவே இருந்து இரும்பைத் தின்றுகொண்டிருக்கிறது. தூத்துக்குடி உப்பளங்களுக்குள் ஓடும் லாரிகளின் அடிப்பாகத்தைக் குனிந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இரும்பு துருவாக மாறும்போது இடம் அதிகமாகக் கேட்கிறது. ஈரப்பதம் இல்லாத ஆக்சைடு இரண்டு மடங்கு. நீர் சேர்ந்த துரு வகைகள் ஆறு மடங்கு வரைகூட. திறந்த வெளியில் இருந்தால் உப்பி உதிர்ந்துவிடும். உள்ளே அடைபட்ட துருவுக்குப் போக இடமில்லை. அது இரண்டு பக்கமும் அழுத்தி, ஆப்பு இறக்கியது போல் தன்னையே இறுக்கிக்கொள்கிறது.

சஸ்பென்ஷனில் இந்த அடைபட்ட இடம் எது? ஆர்மின் முனையில் ரப்பர் புஷ் இருக்கிறது. ரப்பரின் நடுவே ஓர் எஃகுக் குழல். ரப்பர் அதோடு ஒட்டி வார்க்கப்பட்டிருக்கும். போல்ட் அந்தக் குழலின் உள்ளே நுழைந்து, மறுபுறம் அடிச்சட்டத்தில் வெல்டிங் வைத்த நட்டில் ஏறுகிறது. போல்ட்டுக்கும் குழலுக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி. உப்புத் தண்ணீர் அதற்குள் புகுந்தால் வெளியே வர வழி கிடையாது.

இப்போது அந்தச் சின்னக் கணக்கு. குழல் 6 செ.மீ. நீளம், போல்ட் 12 மி.மீ. என்றால் இரண்டும் தொடும் பரப்பு சுமார் 2260 சதுர மில்லிமீட்டர். துரு பலவீனமான பசை என்றே வைத்துக்கொண்டு, சதுர மில்லிமீட்டருக்கு 10 நியூட்டன்தான் அது பிடிக்கிறது என்போம். போல்ட்டின் எஃகைப் பிடித்து அறுக்கத் தேவையானதில் அது அறுபதில் ஒரு பங்கு. அப்படியிருந்தும், பரப்பால் பெருக்கினால் 22,600 நியூட்டன். ஆரம் 6 மி.மீ.யால் பெருக்கினால் 136 நியூட்டன் மீட்டர் முறுக்கு. நட்டுக்குள் இருக்கும் மரைக்கு இதே கணக்கைப் போட்டால் 25 நியூட்டன் மீட்டர்தான் வரும். மரை இறுகிவிட்டது, மரை இறுகிவிட்டது என்று எல்லோரும் நட்டின் மேலேயே எண்ணெய் ஊற்றுகிறார்கள். பிடித்திருப்பது பெரும்பாலும் குழல்.

எதிர்ப்பக்கம், போல்ட் எவ்வளவு முறுக்கைத் தாங்கும்? உருண்டைத் தண்டின் முறுக்கு வலிமை விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். விட்டம் பாதியானால் வலிமை எட்டில் ஒன்று. 10.9 தரத்து 12 மி.மீ. தண்டு 270 நியூட்டன் மீட்டருக்குப் பக்கத்தில் அறும். மரைப் பள்ளத்தில் அதன் விட்டம் 10 மி.மீ. சொச்சம்தான்; அங்கே 160 போதும். உப்பு அரித்துத் தண்டே 10 மி.மீ.க்கு இளைத்துவிட்டால் அதற்கும் அதே கதிதான். 60 செ.மீ. ராடின் நுனியில் 50 கிலோ எடையைச் சாய்த்தால் நாம் கொடுப்பது 300 நியூட்டன் மீட்டர். குழாயை மாட்டி நீளத்தை இரட்டிப்பாக்கினால் 600. அதாவது, வாசலில் உட்கார்ந்திருக்கும் சாதாரண மனிதர் இந்த போல்ட்டைவிட இரண்டு மடங்குக்கு மேல் பலசாலி. துருவுக்கும் போல்ட்டுக்கும் நடக்கும் போட்டியில் நாம் எவ்வளவு பலம் சேர்த்தாலும் அது இரண்டுக்கும் ஒன்றுபோலத்தான் போய்ச் சேரும். எது பலவீனமோ அது முதலில் விடும். துருவைப் பலவீனமாக்காமல் முறுக்கைக் கூட்டிக்கொண்டே போனால் முடிவு முன்கூட்டியே தெரிந்ததுதான்.

தலை போனதில் ஒரு நல்லதும் உண்டு. அதுவரை போல்ட்டுக்குள் இருந்த 5 டன் இழுவிசை அந்த நொடியே போய்விட்டது. மரைகள் ஒன்றையொன்று அழுத்துவது நின்றுவிட்டது. இனி பிடித்திருப்பது துரு மட்டும். அடிச்சட்டத்தில் மிஞ்சிய துண்டு சில சமயம் இடுக்கியால் பிடித்துத் திருப்பினாலே வந்துவிடுவதற்கு இதுதான் காரணம்.

வரவில்லையென்றால் பலரும் கடைக்கு ஓடி வாங்கி வருவது ‘ஈஸி அவுட்’. உடைந்த துண்டின் நடுவில் துளை போட்டு, இடதுபுறம் சுழலும் கூம்பு வடிவ மரையுள்ள ஒரு கருவியை அதில் இறக்கித் திருப்பினால், அது துண்டைக் கவ்விக்கொண்டு வெளியே கொண்டுவரும் என்பது ஏற்பாடு. துரு இல்லாமல் அறுந்த போல்ட்டுக்கு இது அருமையான கருவி. துருவேறி இறுகியதால் அறுந்த போல்ட்டில் இதை முதல் வேலையாக இறக்குவதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். 10 மி.மீ. மரையை முறித்த முறுக்கை 6 அல்லது 7 மி.மீ. கருவி எப்படிக் கொடுக்கும்? மும்மடி விதிப்படி அதற்கு நாலில் ஒரு பங்கு வலிமைதான் உண்டு. எஃகு இரண்டு மடங்கு கெட்டி என்றாலும் பாதிதான் ஆகிறது. போதாக்குறைக்கு, கூம்பு உள்ளே இறங்க இறங்கத் துண்டை உள்ளிருந்து விரித்து மரையில் இன்னும் இறுக்குகிறது. கெட்டியான எஃகு வளையாது, ஒடியும். ஒடிந்து துளைக்குள் நின்றால் சாதாரண டிரில் பிட் அதைத் தொடக்கூட முடியாது. கழற்ற முடியாத ஒரு போல்ட் இருந்த இடத்தில், துளைக்கவும் முடியாத ஒரு போல்ட் வந்து சேரும்.

அப்படி ஒடிந்து சிக்கிய கருவிகளை எடுக்கப் பிறந்த தொழில்நுட்பம் ஒன்று உண்டு. 1940-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஹரால்ட் ஸ்டார்க், விக்டர் ஹார்டிங், ஜாக் பீவர் ஆகிய மூன்று பொறியாளர்கள், அலுமினிய வார்ப்புகளுக்குள் ஒடிந்து நின்ற, மரை வெட்டும் டேப்புகளையும் டிரில் பிட்களையும் எடுக்க, விட்டுவிட்டு அடிக்கும் மின்பொறியால் அவற்றைத் துகள் துகளாகக் கரைக்கும் இயந்திரத்தைச் செய்தார்கள். அதே காலத்தில், 1943-ல், சோவியத் ஒன்றியத்தில் போரிஸ் லாசரென்கோவும் நதாலியா லாசரென்கோவும் மின் சுவிட்சுகளின் டங்ஸ்டன் முனைகள் பொறியில் அரிக்கப்படுவதை எப்படித் தடுப்பது என்று ஆராயப்போய், அந்த அரிப்பையே உலோகத்தை வெட்டப் பயன்படுத்தலாம் என்று கண்டார்கள். இன்று அச்சுகளும் விமான எஞ்சின் பாகங்களும் செய்யும் மின்பொறி எந்திரங்களின் மூலம் இவைதான். ஒடிந்த டேப்பை எடுக்க இன்றும் பட்டறைகள் இதை நாடுகின்றன. ஆனால் பாகத்தைக் கழற்றி அங்கே கொண்டுபோக முடிந்தால்தான் இது உதவும்.

வாசலில் உட்கார்ந்தபடி துருவை உடைக்க நம்மிடம் மூன்று வழிகள் இருக்கின்றன: எண்ணெய், அடி, சூடு.

தமிழ்நாட்டுப் பட்டறைகளில் தலைமுறைகளாக மண்ணெண்ணெய்தான் முதல் மருந்து. அது வேலை செய்வது இளகலான நீர்மம் என்பதால். நுண்ணிய இடைவெளிக்குள் நீர்மம் தானே ஏறும் வேகத்தை 1918-ல் லூக்காஸும் 1921-ல் வாஷ்பர்னும் தனித்தனியே கணக்கிட்டார்கள். அந்தச் சமன்பாட்டின் சாரம், போன தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப நேரம் கூடும் என்பது. 1 செ.மீ. ஊற ஒரு மணி நேரம் என்றால் 3 செ.மீ. ஊற ஒன்பது மணி நேரம். ஊற்றிய கையோடு ராடை எடுப்பவருக்கு எண்ணெய் ஏன் பலன் தருவதில்லை என்பதற்கு இதுவே பதில். குழலின் ஒரு முனையில் மட்டும் ஊற்றினால் 6 செ.மீ. போக வேண்டும், இரண்டு முனையிலும் ஊற்றினால் ஆளுக்கு 3 செ.மீ., நேரம் நாலில் ஒரு பங்கு. முதல்நாள் சாயங்காலமே கம்பித் தூரிகையால் துருவைச் சுரண்டிவிட்டு, இரண்டு முனையிலும் ஊற்றி, ராத்திரி இன்னொரு முறை ஊற்றி, காலையில் வேலையைத் தொடங்குவதுதான் முறை. துரு முழுக்க அடைத்துக்கொண்ட இடத்தில் எண்ணெய்க்கு இடைவெளியே இருக்காது. அங்கே முதலில் விரிசல் விட வைக்க வேண்டும்.

அந்த விரிசலுக்குத்தான் சுத்தியல். துரு அழுத்தத்தைத் தாங்கும்; அதிர்ச்சியைத் தாங்காது. போல்ட்டின் முனையில் நேராகவும், சுற்றியுள்ள இரும்பில் பக்கவாட்டிலும் மாறி மாறி அடிக்கும்போது துரு நொறுங்கி எண்ணெய்க்கு வழிவிடுகிறது. இதைவிட நுட்பமான காரணம் ஒன்றும் உண்டு. 1969-ல் ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர், போல்ட்டுகள் ஓடும் வண்டியில் ஏன் தானாகக் கழல்கின்றன என்பதை ஒரு சோதனை இயந்திரத்தால் காட்டினார். நீளவாக்கில் எவ்வளவு குலுக்கினாலும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை; குறுக்கே குலுக்கியதும் போல்ட் சில நொடிகளில் கழன்று வந்தது. உராய்வு ஒரு திசையில் தோற்று வழுக்கத் தொடங்கிவிட்டால், மற்றத் திசைகளிலும் தடுக்க அதனிடம் பலம் இருக்காது என்பதுதான் இதன் அடிப்படை. கனமான பீரோவை நேராகத் தள்ளினால் நகராது, இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டே தள்ளினால் நகர்வதும் இதனால்தான். யுங்கர் கண்டது போல்ட் கழன்றுவிடாமல் காக்க. நமக்கு அது தலைகீழாகப் பயன்படுகிறது. ஒருவர் ராடில் மிதமான முறுக்கைக் கொடுத்துப் பிடித்திருக்க, இன்னொருவர் குறுக்கே தட்டிக்கொண்டிருந்தால், தனி முறுக்குக்கு மசியாத போல்ட் மசிகிறது. முதலில் ஒரு துளி முடுக்கும் திசையில் அசைத்துப் பார்ப்பதும் நல்ல பழக்கம். துருவுக்கு இடம், வலம் தெரியாது. எந்தப் பக்கம் நொறுங்கினாலும் நொறுங்கியதுதான். அசைந்துவிட்டால் உடனே முழுவதையும் கழற்ற ஆசைப்படாமல், கால் சுற்று வெளியே, அரைக்கால் சுற்று உள்ளே, நடுவில் கொஞ்சம் எண்ணெய் என்று போக வேண்டும். நொறுங்கிய துரு மரையில் குவிந்து மறுபடி அடைத்துக்கொள்ளாமல் இருக்க இது ஒன்றே வழி.

ரப்பர் புஷ்ஷில் மட்டும் அடிக்கு மரியாதை குறைவு. காற்றழுத்தத்தால் இடித்துத் திருப்பும் ஏர் கன்னின் ஒவ்வொரு இடியையும் ரப்பர் வாங்கி விழுங்கிவிடுகிறது. போல்ட்டும் குழலும் ஒரே துண்டாக ரப்பரில் முறுகி, விட்டதும் பழைய இடத்துக்கே திரும்பி வருவதைக் கையில் உணரலாம். அந்தத் துள்ளல் தெரிந்தால் பிடித்திருப்பது குழல்தான் என்று உறுதி.

மூன்றாவது, சூடு. நட்டைச் சூடாக்கினால் அதன் துளை சுருங்கிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. சுருங்காது. விரியும் உலோகத்தில் ஒவ்வொரு நீளமும் ஒரே விகிதத்தில் விரிகிறது, துளையின் சுற்றளவும் சேர்த்து. நட்டை போல்ட்டைவிட 200 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் 12 மி.மீ. துளை 0.03 மி.மீ. பெரிதாகும். துரு அடைத்திருக்கும் இடைவெளியோடு ஒப்பிட்டால் இது தாராளம். மேலும் துருவும் எஃகும் ஒரே அளவில் விரிவதில்லை என்பதால் துரு வெடித்து உதிர்கிறது.

நட்டை எட்ட முடியாத இடத்தில் போல்ட்டையே சூடாக்கலாம். இது கேட்க முரணாகத் தோன்றும். சூடான போல்ட் விரியப் பார்க்கிறது, சுற்றியுள்ள இரும்பு விடுவதில்லை. மங்கிய சிவப்புக்கு வந்துவிட்ட எஃகின் வலிமை வெகுவாகக் குறைந்திருக்கும். விரிய முடியாமல் தனக்குள்ளேயே நசுங்கிக்கொள்கிறது. ஆறும்போது நசுங்கிய அளவிலிருந்து சுருங்குகிறது. முன்பிருந்ததைவிடச் சற்று மெலிந்து நிற்கிறது. ஆறிக்கொண்டிருக்கும்போது மெழுகுவர்த்தியைத் தொட்டால் உருகிய மெழுகு அந்த இடைவெளிக்குள் இழுபட்டு உயவாகும்.

உடைந்த துண்டுக்கு இதன் மிகச் சிறந்த வடிவம், அதன் முகத்தில் ஒரு புது நட்டை வைத்து அதன் துளை வழியாக வெல்டிங் வைப்பது. வெல்டிங் சூடு துண்டின் நடுவுக்கே நேராக இறங்குகிறது, சுற்றியுள்ள இரும்பு அவ்வளவு சூடாவதில்லை. ஆறியதும் துண்டு மெலிகிறது. ஸ்பானர் போடப் புதிதாக ஒரு தலையும் முளைத்துவிடுகிறது. முதல் நட்டு பிய்ந்து வந்தால் கவலை வேண்டாம், அந்தச் சூடு வீண் போகவில்லை. இன்னொன்றை வைக்கலாம். துருவேறிய துண்டுக்கு எனக்குத் தெரிந்து இதற்கு இணையான வழி இல்லை.

சூட்டில் உயிர்ப் பிரச்சினைகள் இருக்கின்றன, அவற்றைக் கூச்சமின்றிச் சொல்லிவிட வேண்டும். பெட்ரோல் குழாயும் பிரேக் ஹோஸும் பக்கத்திலேயே ஓடுகின்றன. வாயு நிரப்பிய ஷாக் அப்சார்பர் சூட்டில் வெடிக்கலாம். துத்தநாகப் பூச்சின் புகை காய்ச்சலை உண்டாக்கும். குளோரின் சேர்ந்த பிரேக் கிளீனரைத் தெளித்த இடத்தில் தீயோ வெல்டிங்கோ பட்டால் பாஸ்ஜீன் என்ற நச்சுவாயு பிறக்கும். முதல் உலகப் போரில் ஆயுதமாகப் பயன்பட்ட அதே வாயு. டப்பாவின் மேல் எழுதியிருப்பதைப் படிக்காமல் தெளிக்கக் கூடாது. இதெல்லாம் இருக்கும் இடத்தில், தீச்சுவாலை இல்லாமல் செப்புச் சுருளால் நட்டை மட்டும் சூடாக்கும் தூண்டல் சூடேற்றி கிடைத்தால் வாடகைக்காவது எடுப்பேன்.

எல்லாம் தோற்றால்தான் டிரில். 10.9 போல்ட் கெட்டி எஃகுதான், ஆனால் நல்ல ஹை ஸ்பீடு பிட் அதை வெட்டும். பிட் தோற்பது பெரும்பாலும் வேகத்தால். 6 மி.மீ. பிட்டுக்கு இந்த எஃகில் நிமிடத்துக்கு 600 சுற்று போதும். வீட்டு டிரில்லை முழு வேகத்தில் விட்டால் 3000 வரை போகும். வேகமாக, மெல்ல அழுத்தி ஓட்டினால் பிட் வெட்டாமல் தேய்க்கிறது, தேய்த்தால் சூடாகிறது, சூடானால் முனை மழுங்குகிறது. மெதுவாக, பலமாக அழுத்தி, எண்ணெய் விட்டு ஓட்டினால் சுருள் சுருளாகச் சீவல் வரும். அந்தச் சீவலைப் பார்த்தே வேலை சரியாக நடக்கிறதா என்று சொல்லிவிடலாம். தூளும் புகையும் வந்தால் நிறுத்திவிட வேண்டும்.

நடுவைப் பிடிப்பதுதான் கடினம். உடைந்த முகம் ஒருபோதும் சமமாக இருப்பதில்லை. முதலில் அரத்தால் ராவிச் சமப்படுத்தி, சென்டர் பஞ்ச் அடித்து, 3 மி.மீ. பிட்டில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாக்க வேண்டும். துண்டு நிற்பது சக்கரத்தைத் தாங்கும் அலுமினிய நக்கிளில் என்றால் கவனம் இரட்டிப்பாக வேண்டும். அலுமினியம் போல்ட்டைவிடப் பல மடங்கு மென்மை. விளிம்பைத் தொட்ட மறுகணமே பிட் மென்மையான பக்கம் சரிந்து ஓடும். மரை முழுவதும் போய்விடும். இடதுபுறம் சுழலும் பிட் கிடைத்தால் அதையே வாங்குங்கள். துளைபோடும் முறுக்கே கழற்றும் திசையில் இருப்பதால், சூடும் அதிர்வும் சேர்ந்து, பாதித் துளையிலேயே துண்டு பிட்டோடு சுழன்று வெளியே வந்துவிடுவது உண்டு. வரவில்லை என்றால் 12 மி.மீ. சாதாரண மரைக்கு 10.2 மி.மீ. வரை துளையைப் பெரிதாக்கலாம். நடு சரியாக இருந்தால் அப்போது மிஞ்சுவது மரைப் பள்ளத்தில் ஒட்டிய மெல்லிய எஃகுச் சுருள் மட்டும். அதை ஊசிமூக்கு இடுக்கியால் உரித்து எடுத்துவிட்டு டேப்பு ஓட்டினால் பழைய மரை அப்படியே கிடைக்கும்.

குழலுக்குள் சிக்கிய தண்டுக்கு இவ்வளவு பாடுபட வேண்டியதே இல்லை. ஆர்ம் எப்படியும் மாற்றப்போகிற சாமான். புஷ்ஷின் இரண்டு பக்கமும், அடிச்சட்டத்துக்கும் குழலுக்கும் நடுவில், முன்பின்னாக ஓடும் மின் ரம்பத்தை நுழைத்து போல்ட்டை அறுத்துவிட்டால் ஆர்ம் குழலோடும் தண்டோடும் சேர்ந்து கீழே இறங்கிவிடும். பழைய பாகத்தைக் காப்பாற்ற அரைநாள் போராடுவதைவிட ஒரு பிளேடை இழப்பது மேல். காப்பாற்ற வேண்டியது அடிச்சட்டத்து நட்டை மட்டும்தான். அதன் வெல்டிங் பிய்ந்து சட்டத்துக்குள்ளேயே சுற்ற ஆரம்பித்தால் வேலை பத்து மடங்காகும்.

அறுப்பதற்கு முன் ஆர்மின் கீழே ஒரு ஜாக்கி இருக்க வேண்டும். பல கார்களில் பின்பக்கச் சுருள் ஸ்பிரிங் நேராக அந்த ஆர்மின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 25 நியூட்டன் கேட்கும் ஸ்பிரிங் 20 செ.மீ. அமுங்கியிருந்தால் அதற்குள் 500 ஜூல் ஆற்றல் இருக்கிறது. 50 கிலோ இரும்பு 1 மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது வரும் ஆற்றல் அது. கடைசி இழை அறும் நொடியில் அவ்வளவும் ஒரே பக்கம் பாயும். அந்தப் பக்கம் முகமோ கையோ இருக்கக் கூடாது.

புது ஆர்மும் புது போல்ட்டும் மாட்டும்போது மேலே போட்ட கணக்கு மறுபடி உதவுகிறது. துரு பிடித்தது தண்டில். ஆகவே உயவுப்பசை தண்டில் பூச வேண்டும், குழலின் உட்புறம் முழுவதும் படும்படி. மரையில் பூசுவது வேறு விஷயம். உராய்வு குறைந்தால் அதே முறுக்குக்கு இழுவிசை ஏறிவிடும் என்பதால், உலர்ந்த மரைக்கென்று கையேட்டில் போட்டிருக்கும் அளவில் உயவிட்ட மரையை முடுக்கினால் போல்ட் தாங்க வேண்டியதைவிட அதிகமாக நீண்டுவிடும். மரையைப் பற்றிக் கையேடு சொல்வதை மட்டும் செய்யுங்கள். சிவக்கச் சூடாக்கிய பழைய போல்ட்டையோ நட்டையோ திரும்பப் போடவே கூடாது. அந்த வலிமை 425 டிகிரி அளவில் பதப்படுத்திப் பெற்றது. சிவப்பு நிறம் அதற்கு வெகு மேலே.

கடைசி முடுக்கு, கார் தன் எடையில் நிற்கும்போதுதான். ரப்பர் குழலோடு ஒட்டியிருக்கிறது என்று பார்த்தோம். ஆர்ம் தொங்கிக்கொண்டிருக்கும்போது முடுக்கினால் குழல் அந்தக் கோணத்தில் பூட்டப்பட்டுவிடும். காரை இறக்கியதும் ரப்பர் முறுகியபடியே ஓடும், குழியில் இறங்கும்போதெல்லாம் இன்னும் முறுகும், சீக்கிரமே கிழியும். சக்கரத்தின் கீழே சரிவுப் பலகை வைத்தோ, ஆர்மை ஜாக்கியால் ஓடும் உயரத்துக்குத் தூக்கியோ முடுக்கிவிட்டு, அடுத்த நாளே சக்கர அலைன்மென்ட் பார்த்துவிட வேண்டும். ஆர்ம் மாறினால் சக்கரம் நிற்கும் கோணமும் மாறியிருக்கும்.